பலகாரத்தைப் பைக்கற்றில் அடைத்துக் கடைக்கு அனுப்பும் முன்: பை, பெயர், எழுத்து, அச்சு

யாழ்ப்பாணத்தில் பலகாரம் நன்றாகச் செய்யத் தெரிந்த வீடுகளுக்குப் பஞ்சமில்லை. பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், எள்ளுருண்டை, முறுக்கு, பருத்தித்துறை வடை என்று ஊருக்கு ஊர் கைப்பக்குவம் இருக்கிறது. அயலாருக்கும் கலியாண வீடுகளுக்கும் செய்துகொடுத்து நல்ல பெயர் எடுத்த ஒருவர், அதையே திருநெல்வேலியிலோ சுன்னாகத்திலோ உள்ள கடையொன்றில் வைத்து விற்க நினைக்கும்போது புதியதொரு வேலை தொடங்குகிறது. அதுவரை வாங்குபவர் கேட்ட கேள்விகளுக்குச் செய்தவரே பதில் சொன்னார். எந்த எண்ணெயில் பொரித்தது, எத்தனை நாள் வைத்திருக்கலாம், உறைப்புக் கூடவா என்பவற்றையெல்லாம் கடைத்தட்டில் இனிப் பைக்கற்றுத்தான் சொல்லவேண்டும்.

முதன்முறையாக இந்த வேலையில் இறங்குவோருக்காகவே இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டாகப் பருத்தித்துறை வடையை வைத்துக்கொள்வோம். தட்டையாகவும் மொறுமொறுப்பாகவும் பல நாள் கெடாமலும் இருப்பதாலும், வெளிநாட்டுக்குப் போகிறவர்களின் பயணப்பெட்டியில் எப்போதும் இடம்பிடிப்பதாலும், பைக்கற்றில் விற்கத் தொடங்குவோருக்கு அது பொருத்தமான பலகாரம்.

பெரும்பாலானோர் முதலில் ஓர் இலச்சினையைச் செய்வித்துக்கொண்டு, பிறகு அதை ஒட்டுவதற்குப் பை தேடுகிறார்கள். நான் பரிந்துரைக்கும் ஒழுங்கு இதற்கு நேர்மாறானது. முதலில் பலகாரத்தைக் கெடாமல் காக்கும் பையைத் தெரிவு செய்யுங்கள். அடுத்தது பெயர், அதற்கடுத்தது எழுத்து, நிறமும் படமும் கடைசியில். பையின் அளவும் பொருளும் தெரியாமல் வரையப்பட்ட வடிவம் எவ்வளவு அழகாக இருந்தாலும், அச்சுக்குப் போகும்போது அதைப் பாதியாவது மாற்றவேண்டியிருக்கும்.

பலகாரத்தின் தன்மையும் பையும்

பொரித்த பலகாரத்துக்கு ஈரம், காற்று, வெளிச்சம், நெரிசல் ஆகிய நான்கும் ஆகாதவை. ஈரம் புகுந்தால் மொறுமொறுப்புப் போய் நமத்துவிடும். காற்றிலுள்ள ஒட்சிசன் எண்ணெயுடன் சேர எண்ணெய் காறிப்போய்ப் பழைய வாடை ஏறும். வெயிலும் வெப்பமும் அந்த மாற்றத்தை விரைவாக்கும். நெரிசலில் வடை உடையும். உடைந்த வடை சுவையில் குறையாவிட்டாலும், பைக்கற்றைத் திறப்பவருக்கு அது பழைய சாமானாகவே தெரியும்.

எல்லாப் பலகாரத்துக்கும் ஒரே பை பொருந்தாது. ஒடியலும் புழுக்கொடியலும் நன்கு காய்ந்தவை. எண்ணெய் இல்லாத அவற்றுக்கு ஈரமும் பூச்சியும் புகாத பை போதுமானது. எள்ளுருண்டை வெப்பத்தில் இளகி ஒன்றோடொன்று ஒட்டும் என்பதால் அதைத் தனித்தனியாகச் சுற்றவேண்டியிருக்கும். பனங்காய்ப் பணியாரம் உள்ளே ஈரமுள்ள மென்மையான பலகாரம். அதை எந்தப் பையில் அடைத்தாலும் சில நாட்களுக்கு மேல் தாங்காது. ஆகவே அதற்கு விலையுயர்ந்த பை செய்வதைவிட, செய்த அன்றே கடைக்குச் சேர்க்கும் ஒழுங்கைச் செய்வது நல்லது.

சாதாரண பொலித்தீன் பை ஈரத்தை ஓரளவு தடுத்தாலும் ஒட்சிசனைத் தாராளமாக உள்ளே விடும். தெளிவான பொலிபுரோப்பிலீன் பை பார்வைக்குப் பளிச்சென்று இருக்கும், ஈரத்தையும் நன்றாகத் தடுக்கும். காற்றையும் வெளிச்சத்தையும் தடுக்காது. உட்புறம் வெள்ளி நிறத்தில் மினுங்கும் உலோகப் பூச்சிட்ட பல்லடுக்குப் பைதான் மூன்றையும் தடுக்கிறது. பெரிய நிறுவனங்கள் அந்தப் பையினுள் இருக்கும் காற்றை அகற்றி நைதரசனை நிரப்புகின்றன. பைக்கற்று உப்பியிருப்பதற்கு அதுவே காரணம். அந்த வாயு எண்ணெய் காறுவதைத் தாமதப்படுத்துவதோடு நெரிசலில் மெத்தையாகவும் நிற்கிறது. வீட்டில் தொடங்குபவருக்கு நைதரசன் இயந்திரம் தேவையில்லை. கீழே மடிப்பு விரிந்து தானாக நிற்கக்கூடிய, உலோகப் பூச்சிட்ட ஆயத்தப் பையும், ஒரு சிறிய சீலரும், சரியான தராசும் போதும். 2017 செப்டெம்பரிலிருந்து 20 மைக்ரோனும் அதற்குக் குறைவான தடிப்பும் உள்ள பொலித்தீன் இலங்கையில் தடைசெய்யப்பட்டிருப்பதையும், பை வாங்கும்போது தடிப்பைக் கேட்டு வாங்கவேண்டியதையும் மறவாதீர்கள்.

பலகாரம் முற்றாக ஆறிய பின்னரே பையில் இடவேண்டும். கைக்குச் சூடு தெரியாவிட்டாலும் நடுவில் சூடு இருக்கும்போது மூடினால், பையின் உட்சுவரில் நீராவி படிந்து, அந்த ஈரத்தைப் பலகாரமே உறிஞ்சிக்கொள்ளும்.

ஒரே நாளில் பொரித்த வடையை நீங்கள் பரிசீலிக்கும் இரண்டு மூன்று வகைப் பைகளிலும் அடைத்து, பொரித்த திகதியை எழுதி, ஒரு பங்கை வீட்டு அலுமாரியிலும் மற்றொரு பங்கைத் தெரிந்த கடையொன்றில் வெயில் படும் இடத்திலும் வையுங்கள். வாரத்துக்கு ஒரு பைக்கற்றாகத் திறந்து மணம், மொறுமொறுப்பு, நிறம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். பைக்கற்றில் இடும் முடிவுத் திகதியைக் கடையில் இருந்த பங்கை வைத்தே கணிக்கவேண்டும். அலுமாரியில் நன்றாக இருந்த வடை பேருந்து நிலையத்துக் கடையின் வெக்கையில் அத்தனை நாள் தாங்காது. வாங்குபவர் உங்களிடம் இரண்டாம் முறையும் வருவாரா என்பதை, நிறத்தையும் எழுத்தையும் விட இந்தச் சோதனையே தீர்மானிக்கிறது.

பனையோலையைப் பற்றியும் ஒரு சொல். காய்ச்சிய பனங்கட்டிப் பாகை ஓலைக் குட்டானில் ஊற்றி ஆறவிடும் நம் வழக்கத்தில் அச்சும் பொதியும் ஒன்றாகவே இருக்கின்றன; இதைவிடச் செட்டான பொதி வடிவமைப்பை நான் கண்டதில்லை. இன்றும் ஓலைப்பெட்டியைப் பொதியாகப் பயன்படுத்தலாம். ஆனால் இழைத்த ஓலை காற்றைத் தடுக்காது என்பதால், உள்ளே சீல் செய்த பை இருக்கவேண்டும். பெட்டி பரிசுக்குரிய வெளிப்பொதியாக இருக்கட்டும்.

பெயர்

இங்கே பலர் தடுமாறுகிறார்கள். ‘பருத்தித்துறை வடை’ என்பது பலகாரத்தின் பொதுப்பெயர். ஊரிலுள்ள எவரும் அதைச் செய்து அந்தப் பெயரில் விற்கலாம்; அதை உங்களுக்கு மட்டும் உரிய வர்த்தகக் குறியாகப் பதிவுசெய்ய முடியாது. ‘யாழ் சுவை’, ‘வடக்கின் ருசி’ போன்ற பெயர்களிலும் இதே சிக்கல் உண்டு. அவை பொருளையும் இடத்தையும் விவரிப்பதோடு நின்றுவிடுவதால் உங்களை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டுவதில்லை. ஆகவே பொதுப்பெயர் ஒன்று, உங்களுக்கே உரிய பெயர் ஒன்று என இரண்டு பெயர்கள் பைக்கற்றில் இருக்கவேண்டும்.

உரிய பெயரைச் சிறியதாக வையுங்கள். கடைக்காரரிடம் வாயால் கேட்டு வாங்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருப்பதால், ஒருமுறை கேட்டவர் மறுமுறை தவறில்லாமல் சொல்லக்கூடியதாக அது இருக்கவேண்டும். தொலைபேசியில் ஒருவரிடம் பெயரைச் சொல்லி, அவரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதினால், இணையத்தில் தேடுபவர்களும் உங்களைக் கண்டுபிடிக்கத் திணறுவார்கள். சிங்களத்தில் எழுதும்போது அது எப்படி ஒலிக்கிறது, வேறு பொருள் தருகிறதா என்பதையும் அந்த மொழி பேசும் ஒருவரிடம் கேளுங்கள். குடும்பத்துப் பெயரையோ, வளவின் பெயரையோ, அம்மம்மாவை வீட்டில் அழைத்த பெயரையோ வைப்பது எனக்குப் பிடித்த வழி. அவை வேறெவரிடமும் இருப்பது அரிது.

பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவுசெய்தால் பெயர் தமக்குச் சொந்தமாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தப் பதிவு நீங்கள் அந்தப் பெயரில் வியாபாரம் நடத்துகிறீர்கள் என்பதற்கான பதிவு மட்டுமே. பெயரையும் இலச்சினையையும் பிறர் எடுத்தாளாமல் காப்பதற்குக் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில், 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், வர்த்தகக் குறியாகப் பதியவேண்டும். அந்தப் பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லுபடியாகும்; பிறகு புதுப்பிக்கலாம். பதிவுக்காகப் பொருட்களை வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்: தானிய மாவில் செய்த தின்பண்டங்கள் 30 ஆம் வகுப்பிலும், பதப்படுத்திய கச்சானும் உருளைக்கிழங்குச் சீவலும் 29 ஆம் வகுப்பிலும் அடங்கும். பைகளை அச்சடித்த பிறகு அதே பெயர் வேறொருவருக்கு உரியது என்று அறிவது பெரிய நட்டம். அதனால் தேடலை முதலிலேயே செய்துவிடுங்கள்.

தமிழ் எழுத்து

இந்தப் பகுதியில் சற்று நின்று பேச விரும்புகிறேன். நம் ஊர்ப் பைக்கற்றுகள் பலவற்றில் ஆங்கிலப் பெயர் பெரிதாகவும் அழகாகவும் இருக்க, தமிழ் அதன் கீழே நெருக்கப்பட்ட சிறிய வரியாக இருக்கிறது. ஆங்கிலத்துக்கு எழுத்துரு தேடித் தேர்ந்த வடிவமைப்பாளர், தமிழுக்குக் கணினியில் முதலில் அகப்பட்டதைப் போட்டிருப்பார். வாங்குபவர்களில் பெரும்பாலானோர் தமிழில் வாசிப்பவர்களாக இருக்கும்போது, அவர்கள் கண் முதலில் படும் இடத்தைத் தமிழுக்குக் கொடுப்பதுதான் முறை. வெளிநாட்டிலிருக்கும் நம்மவர்களுக்கும் அந்தத் தமிழ் எழுத்துத்தான் ஊர்ப் பலகாரத்தின் அடையாளம்.

‘பருத்தித்துறை’ என்ற சொல்லைச் சற்று உற்றுப் பாருங்கள். அதில் இரண்டு இடங்களில் புள்ளி மேலே நிற்கிறது. ‘தி’யின் விசிறி மேலே வளைகிறது. ‘ரு’வும் ‘து’வும் கோட்டுக்குக் கீழே இறங்குகின்றன. ‘றை’யின் முன்னால் சுழித்த ஐகாரக் குறி அகலம் பிடிக்கிறது. ஆங்கிலச் சொல்லொன்றுக்கு ஒதுக்கும் உயரத்தில் இதை அடைத்தால், நடு உடல் சிறுத்து மேலும் கீழும் மட்டும் பெருத்து நிற்கும். கீழே ‘வடை’ என்று இரண்டாவது வரி வந்தால், மேல்வரியின் கால்கள் அதன் தலையில் இடிக்கும். எனவே தமிழுக்கு வரியிடைவெளி தாராளமாக வேண்டும். இடம் போதாதென்று எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவதோ இழுப்பதோ கூடாது. கோடுகளின் தடிப்புக் கெட்டு எழுத்து நோஞ்சானாகத் தெரியும். சொல்லை உடைக்க நேர்ந்தால் ‘பருத்தித்துறை’ ஒரு வரி, ‘வடை’ ஒரு வரி என்று சொல்லெல்லையில் உடையுங்கள். ‘பருத்தித்’ என்று நிறுத்தி ‘துறை’யைக் கீழே தள்ளுவது வாசிப்பவரைத் தடுக்கும்.

சிறிய எழுத்தில் முதலில் மறைவது புள்ளிதான். சேர்பொருட்களை மிகச் சிறிதாக அச்சிட்டு, கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தாகவும் வைத்தால், சுற்றியுள்ள மை பரவிப் புள்ளிகளை மூடிவிடும். ‘உளுந்து’ என்று நீங்கள் எழுதியதை வாங்குபவர் ‘உளுநது’ என்று பார்ப்பார். ‘ஞ’, ‘ணு’, ‘இ’ போன்ற எழுத்துகளின் உட்சுழிகளும் இப்படியே அடைபடும். சிறிய எழுத்துகளை எப்போதும் வெளிர்ப் பின்னணியில் கடும் நிறத்தில், ஒரே மையில் அச்சிடுங்கள்.

எழுத்துருவைப் பொறுத்தவரை இலவசமாகவும் வணிகத்துக்குப் பயன்படுத்தும் அனுமதியோடும் நல்ல யூனிகோட் எழுத்துருக்கள் இன்று இருக்கின்றன. முக்தா மலர், கட்டமரன், ஹிந்த் மதுரை, நோட்டோ சான்ஸ் தமிழ் ஆகியவை சிறிய விபரங்களுக்கு ஏற்றவை. பலூ தம்பி உருண்டு திரண்ட வடிவமாதலால் பெயருக்குப் பொருந்தும். இலங்கையில் பல அச்சகங்கள் இன்னும் யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வேலை செய்கின்றன. பாமினியில் தட்டச்சிட்டதை யூனிகோட் எழுத்துருவுக்கு அப்படியே மாற்றினால் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். மாற்றுக் கருவியில் இட்டபின் ஒவ்வோர் எழுத்தையும் சரிபார்க்கவேண்டும். வடிவமைப்பு மென்பொருளில் தென்னாசிய மொழிகளுக்கான அமைப்பை இயக்காவிட்டால் கொம்பும் அரவும் இடம்மாறி நிற்கும். ‘கொ’ என்ற எழுத்தின் கொம்பு ‘க’வுக்குப் பின்னால் போய் நிற்கும் பைக்கற்றுகளை இன்றும் கடைகளில் காணலாம்.

வசதியிருந்தால் பெயரை மட்டுமாவது கையால் எழுதுவியுங்கள். விளம்பரப் பலகை எழுதிப் பழகிய கைகள் இன்னும் நம்மிடையே இருக்கின்றன. அப்படி ஒருவர் தூரிகையால் தாளில் எழுதியதை ஒளிவருடி எடுத்துக் கணினியில் கோட்டுருவாக்கினால், அதாவது எவ்வளவு பெருப்பித்தாலும் மங்காத கோட்டு வடிவமாக மாற்றினால், வேறெந்தப் பைக்கற்றிலும் இல்லாத எழுத்து உங்களுக்குக் கிடைக்கும். தனியாக ஓர் இலச்சினை தேவையா என்று அதன்பின் யோசியுங்கள், அநேகமாகத் தேவைப்படாது.

நிறமும் படமும்

பனைமரம், யாழ், நல்லூர்க் கோபுரம் ஆகிய மூன்றும் நம் பைக்கற்றுகளில் திரும்பத் திரும்ப வருகின்றன. அன்பினால்தான் வைக்கிறார்கள். ஆனால் தட்டிலுள்ள எல்லாப் பைக்கற்றிலும் பனை நின்றால், பனையைப் பார்த்து எவரும் உங்களை அடையாளம் காணமாட்டார். பனம்பொருளுக்குப் பனையை வைப்பதில் நியாயமுண்டு. உளுந்து வடைக்கு அது எதையும் சொல்வதில்லை. கோபுரத்தையும் தெய்வப் படங்களையும் கட்டாயம் தவிர்க்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தின்று முடிந்த பைக்கற்று தெருவில் மிதிபடும். வணங்குகிறவர் மனம் அதைக் கண்டு நோகும்.

நிறத்தைப் பலகாரத்திலிருந்தே எடுக்கலாம். வடையைப் பகல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள்: நடுவில் வெளிர்ப் பொன்னிறம், விளிம்பில் கடுங்கபிலம், இடையிடையே செத்தல் மிளகாயின் சிவப்புத் துணுக்குகள், பெருஞ்சீரகத்தின் மங்கிய பச்சை. இவற்றில் ஒன்றைப் பின்னணியாகவும் ஒன்றை எழுத்தாகவும் எடுத்துக்கொண்டால் இரண்டு நிறத்தில் பைக்கற்று நிறைவாக இருக்கும். உறைப்பு வடை, உறைப்பில்லாத வடை என்று வகைகள் பின்னர் வருமானால், பின்னணி நிறத்தை மட்டும் மாற்றி எழுத்தையும் அமைப்பையும் அப்படியே வைத்திருங்கள்.

படம் போடுவதானால் உள்ளே இருக்கும் வடையையே படம் பிடியுங்கள். காலை வேளையில் சன்னலோரத்து வெளிச்சமும், நல்ல கைத்தொலைபேசியும் போதும். கஜு சேராத மிக்சரின் பைக்கற்றில் கஜுவைக் காட்டுவது வாங்குபவரை ஏமாற்றுவதாகும். சட்டமும் அதை ஏற்காது. உள்ளே இருப்பதைக் காட்டச் சிலர் தெளிவான சன்னல் வைக்கிறார்கள். வேண்டுமானால் அதைச் சிறிதாகப் பின்புறத்தில் வையுங்கள், ஏனெனில் அந்தச் சன்னல் வழியாகத்தான் வெளிச்சமும் உள்ளே போகிறது.

வடிவத்தை மடிக்கணினித் திரையில் பார்த்து முடிவெடுக்காதீர்கள். உண்மையான அளவில் தாளில் அச்சிட்டு, வடை நிரப்பிய பையில் ஒட்டி, கடையில் வைத்துப் பார்க்கவேண்டும். நம் ஊர்க் கடைகளில் பைக்கற்றுகளைக் கிளிப்பில் கோர்த்து மேசைக்குப் பின்னாலோ தலைக்கு மேலாலோ தொங்கவிடுகிறார்கள். வாங்குபவர் மேசைக்கு இப்பால் நின்று கையால் காட்டுவார். அந்தத் தூரத்திலிருந்து பெயர் தெரியவேண்டும். சுப்பர் மார்க்கட் தட்டிலோ விலைப்பட்டி ஒட்டிய விளிம்பு பைக்கற்றின் அடிப்பகுதியை மறைத்துவிடும். போதாதற்கு, நிற்கும் பையின் அடிமடிப்பு நிரப்பியதும் உள்ளே வளைந்து போகும். பெயர், நிறை போன்ற முக்கியமானவை மேல் மூன்றில் இரண்டு பங்கினுள் அடங்கட்டும்.

கட்டாயமாக இருக்கவேண்டிய விபரங்கள்

1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழான விதிகளும், நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் பணிப்புகளும் இதைக் கட்டுப்படுத்துகின்றன. பலகாரத்தின் பொதுப்பெயர், சேர்பொருட்கள், தேறிய நிறை, உற்பத்தித் திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், உற்பத்தியாளர் பெயரும் முகவரியும், உயர்ந்தபட்ச சில்லறை விலை, வைத்திருக்கும் முறை ஆகியவற்றுக்கு முதலிலேயே இடம் ஒதுக்குங்கள். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் இடுவதே பாதுகாப்பானது. யாழ்ப்பாணத்துக்கு மட்டும் என்று தொடங்கியது ஒரு வருடத்தில் கொழும்புக்குப் போகலாம். சேர்பொருட்களை அளவு கூடியதிலிருந்து குறைந்தது வரை வரிசைப்படுத்துங்கள். ‘எண்ணெய்’ என்று மட்டும் எழுதாமல் தேங்காய் எண்ணெயா, பாம் எண்ணெயா என்று எழுதுங்கள்.

கெட்டித் தின்பண்டங்களுக்கு இலங்கையில் சீனி, உப்பு, கொழுப்பு மூன்றுக்குமான சிவப்பு, செம்மஞ்சள், பச்சை நிற அடையாள முறை இருக்கிறது. 100 கிராமில் கொழுப்பு 17.5 கிராமைத் தாண்டினாலோ உப்பு 1.25 கிராமைத் தாண்டினாலோ சிவப்பு. பொரித்த பலகாரம் கொழுப்பில் பெரும்பாலும் சிவப்பிலேயே வரும். அதை மறைக்க முயலாமல் வடிவத்தில் அதற்குத் தெளிவான இடம் கொடுங்கள். இந்த அளவுகளை ஊகத்தில் எழுத முடியாது. கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம் போன்ற ஆய்வுகூடம் ஒன்றில் சோதித்துப் பெறவேண்டும். உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் எப்படியும் உற்பத்தி இடத்தைப் பார்க்க வருவார். அச்சடிக்கும் முன்னரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய் லேபலின் மாதிரியை அந்தப் பரிசோதகரிடம் காட்டினால், பின்னர் ஆயிரக்கணக்கான ஸ்டிக்கர்களை வீசவேண்டியிராது.

இந்தியப் பைக்கற்றுகளைப் பார்த்து வடிவமைப்பவர்கள், சைவ உணவைக் குறிக்கும் பச்சைப் புள்ளியையும் இந்திய உணவு அதிகாரசபையின் இலக்கத்தையும் சேர்த்தே நகலெடுத்துவிடுவதுண்டு. அவை அந்த நாட்டுச் சட்டத்துக்குரியவை. விரத நாட்களில் வாங்குபவருக்காகச் ‘சைவ உணவு’ என்று சொல்லில் எழுதினாலே போதும். இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் எஸ்எல்எஸ் குறியையும் ஹலால் குறியையும் அனுமதி பெறாமல் இடக்கூடாது. ‘நீரிழிவுக்கு நல்லது’, ‘கொலஸ்டரோலைக் குறைக்கும்’ போன்ற வாசகங்களைத் தொடவே வேண்டாம்.

விலையையும் திகதிகளையும் நிரந்தர வடிவத்தில் அச்சிடாதீர்கள். 2022 இல் எண்ணெயும் மாவும் மாதத்துக்கு மாதம் விலையேறியபோது, விலை அச்சிட்ட பைகளை வைத்திருந்தவர்கள் பட்ட சிரமம் பலருக்கு நினைவிருக்கும். அவற்றுக்காக ஒரு வெள்ளைக் கட்டத்தை விட்டு, பொதியிடும் நாளில் முத்திரை குத்துங்கள். மினுங்கும் பிளாஸ்ரிக்கில் சாதாரண முத்திரை மை காயாது. எண்ணெய்க் கை பட்டதும் திகதி அழிந்துவிடும். அந்தக் கட்டத்தை மட்டும் பளபளப்பில்லாமல் விடச் சொல்லுங்கள், அல்லது பிளாஸ்ரிக்கில் பிடிக்கும் மையைக் கேட்டு வாங்குங்கள்.

பார்கோட் ஊர்க்கடைகளுக்குத் தேவையில்லை. சுப்பர் மார்க்கட்டுக்குத் தேவை. இலங்கையில் ஜிஎஸ்1 லங்கா வழங்கும் எண்கள் 479 என்று தொடங்கும். இணையத்தில் கிடைக்கும் ஏதோவொரு எண்ணை எடுத்துப் போட்டால் அது வேறொருவரின் பொருளாகப் பதிவாகும். கோடுகளைக் கறுப்பில் வெள்ளைப் பின்னணியில் வையுங்கள். வருடும் கருவியின் ஒளி சிவப்பாக இருப்பதால் சிவப்புக் கோடுகள் அதற்குத் தெரியவே மாட்டா.

அச்சகத்துக்குப் போகும்போது

வடிவத்தை நேரடியாகப் பையிலேயே அச்சிடும் உருளை அச்சு முறையில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி உருளை வெட்டவேண்டும். பெருந்தொகையாக அச்சிட்டால்தான் கட்டுப்படியாகும். தொடக்கத்தில் ஆயத்தப் பையில் ஸ்டிக்கர் ஒட்டுவதே புத்திசாலித்தனம். தாள் ஸ்டிக்கர் வேண்டாம். எண்ணெய் பட்டால் ஊறிக் கறைபிடிக்கும். பொலிபுரோப்பிலீன் ஸ்டிக்கர் சற்று விலை கூடினாலும் கடைசிவரை சுத்தமாக இருக்கும். வெள்ளிப் பையிலோ தெளிவான பையிலோ நேரடியாக அச்சிடும் காலம் வந்தால், நிறங்களுக்கு அடியில் வெள்ளை மைப் படை இடச் சொல்லுங்கள். அது இல்லாவிட்டால் மஞ்சள் மண்ணிறமாகத் தெரியும்.

அச்சகத்துக்குக் கொடுக்கும் கணினிக் கோப்பை, நீலம், கருஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளைக் கொண்ட அச்சு நிறமுறையான சிஎம்வைகேயில் தயாரிக்கவேண்டும். திரையில் ஒளிரும் செம்மஞ்சளும் இளம்பச்சையும் அச்சில் மங்கும் என்பதை எதிர்பார்த்தே தெரிவு செய்யுங்கள். படங்கள் உண்மையான அளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி இருக்கவேண்டும். வெட்டும் கோட்டுக்கு வெளியே 3 மில்லிமீற்றர் நிறம் நீளவேண்டும். எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிக் கொடுத்தால் அச்சகத்துக் கணினியில் தமிழ் உடைந்துபோகாது. மாற்றுவதற்கு முந்திய கோப்பையும் பத்திரமாக வைத்திருங்கள். கோட்டுருவான எழுத்தைப் பிறகு திருத்த முடியாது.

முழுத்தொகையையும் அச்சிட முன், உண்மையான ஸ்டிக்கர் பொருளில் ஒரு மாதிரி கேட்டு வாங்குங்கள். மூன்று மொழிக்கும் மூன்று பேர் தனித்தனியே வாசிக்கட்டும். வடிவமைத்தவர் தன் பிழையைத் தான் காண்பது அரிது. ‘ல’, ‘ள’, ‘ழ’ மயக்கத்தையும் ஒற்று விடுபட்ட இடங்களையும் குறிப்பாகப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மாதிரியை விரலில் எண்ணெய் தொட்டுத் தேய்த்தும், வெயிலில் வைத்தும் பாருங்கள்.

வெளிநாட்டுக்குப் போகும் பைக்கற்று

கனடாவிலும் இலண்டனிலும் உள்ள தமிழ்க் கடைகளுக்கு முறைப்படி ஏற்றுமதி செய்வதானால், அந்தந்த நாட்டின் விதிக்கேற்பத் தனி லேபல் தேவை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 1169/2011 ஆம் இலக்க விதி, ஒவ்வாமை தரக்கூடிய 14 வகைப் பொருட்களைச் சேர்பொருட் பட்டியலில் தடித்த எழுத்திலோ வேறு விதமாகவோ எடுத்துக்காட்டச் சொல்கிறது. கோதுமை, எள்ளு, கச்சான், கடுகு, பால் ஆகிய நம் சமையலறைப் பொருட்கள் பலவும் அதில் அடங்கும். அமெரிக்காவில் 2023 ஜனவரி முதல் எள்ளும் கட்டாயப் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. கனடாவில் ஆங்கிலமும் பிரெஞ்சும் இருக்கவேண்டும். உள்ளூர் லேபலிலும் இந்தப் பொருட்களைத் தடித்த எழுத்தில் இடுவதை இன்றே பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். கச்சான் ஒவ்வாத குழந்தைகள் இங்கும் இருக்கிறார்கள். ஒரே தாச்சியில் கச்சானையும் வடையையும் பொரித்தால், அதைச் சொல்வது உங்கள் பொறுப்பு.

முதல் தொகை விற்று முடியும் முன் எதையும் மாற்றாதீர்கள். வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகளைக் கடைக்காரரிடம் விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், அதற்கான விடை பைக்கற்றில் இல்லை, அல்லது கண்ணில் படும் இடத்தில் இல்லை. இரண்டாம் அச்சில் அதைத் திருத்துங்கள். பெயரெழுத்தையும் பின்னணி நிறத்தையும் மட்டும் தொடவேண்டாம், ஏனெனில் மக்கள் உங்களைத் தேடுவது அவற்றைக் கொண்டுதான். வடிவமைப்பாளருக்குக் கடைசிக் கொடுப்பனவைச் செய்யும்போது, திருத்தக்கூடிய மூலக் கோப்பு, பயன்படுத்திய எழுத்துருக்களின் பெயர்கள், நிறங்களின் இலக்கங்கள் ஆகியவற்றையும், வடிவத்தின் உரிமை உங்களுடையது என்று எழுதிக் கையொப்பமிட்ட ஒரு கடிதத்தையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.